அந்த நாலாவது அடியைத் திருத்தாதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து நானும் அப்பாவும் உன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கோபம் இல்லை, பயப்படாதே. கோபமென்றால் தொலைபேசியிலேயே தீர்த்திருப்பேன், உனக்குத் தெரியும். இது தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று பத்துத் தரம் சொல்லி வைத்துவிடுவாய். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் பக்கத்தில் இருத்தி ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் இதை இத்தனை காலமும் தள்ளிப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பாட்டை வெள்ளிக்கிழமை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று நீ சொல்லிவிட்டாய். ஆகவே எவ்வளவு வேலை இருந்தாலும் வெள்ளிக்கு முன் இதை வாசித்துவிடு.

அன்று நடந்ததை ஒருதரம் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை, இடியப்பத்தைத்தான் பார்த்தாய். சூரிச்சில் நீ வேலை செய்கிற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நல்ல வேலையொன்று வந்திருக்கிறது என்றாய். இந்தக் கூர் நகரத்தில் பிறந்த அந்தப் பழைய ஹார்ட் ராக் குழுவின் பாட்டை, பூட்டிய இரும்புக் கதவுக்கு வெளியே நின்று ஒருவன் கத்துகிற அந்தப் பாட்டைத்தான், மூல நாடாவிலிருந்து எடுத்துத் துப்புரவாக்கிப் புதிதாக வெளியிடப் போகிறார்கள், பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்றாய். எனக்குப் பெருமையில் சொதிச் சட்டியே கைநழுவப் பார்த்தது. பிறகு நீ சொன்னதுதான் எங்கள் இரண்டு பேரின் கையிலும் இடியப்பத்தை நிறுத்திவிட்டது.

"அம்மா, அந்தப் பாட்டில ஒரு பெரிய பிழை இருக்குத் தெரியுமோ? நாலாவது அடி எப்பவும் பிந்தித்தான் விழுது. இவ்வளவு காலமா ஒருத்தரும் அதைத் திருத்தேல்லை. நான் கணினியில எல்லாத்தையும் நேராக்கிட்டன். பின்னால டும் டும் எண்டு ஒரு குழாய்ச் சத்தம் கேக்குமெல்லோ, அதையும் எடுத்தாச்சு."

"அவையள் என்ன சொல்லினம்?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாருக்கும் சந்தோசம். மேளக்காரர் ரெட்டோ மட்டும்தான் ஒரே பிடியா நிக்கிறார், தொடாதேயாம். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறாரில்லை. வயசு போனா உப்பிடித்தான்."

அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்த் தக்காளிச் சாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மாதத்தில் அந்தச் சாடிகளில் பார்ப்பதற்கு ஒரு இலைகூட இல்லை. நீ அதையும் கவனிக்கவில்லை. ரெட்டோ வாய் திறக்காததற்குக் காரணம் வயதல்ல, நான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்தக் குழுவின் மேளக்காரர் எங்களுக்கு ஏன் வாதுமைப் பருப்பு வைத்த கேக் அனுப்புகிறார், நான் அவருக்கு ஏன் ஒரு போத்தல் மிளகாய்த்தூள் அனுப்புகிறேன் என்று நீ ஒருநாளாவது கேட்டிருந்தால் இந்தக் கதை அப்போதே வெளியில் வந்திருக்கும். பழைய அயலவர்கள் என்று நினைத்துவிட்டாய். அதுவும் சரிதான். ஆனால் அது மட்டுமல்ல.

நீ பிறப்பதற்கு முன் நாங்கள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தில் இருந்தோம். இந்த நாட்டுக் கட்டிடங்களுக்குக் கீழே ஒரு பங்கர் இருக்கும் என்பதை நான் வந்து இறங்கிய கிழமைதான் கண்டேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்லாய்ச் சண்டை நடக்கிற ஊரில் நாங்கள் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்குள் பாம்புக்கும் பயந்து இருந்துவிட்டு வந்திருக்கிறோம். சண்டையே இல்லாத நாட்டில் ஒரு முழப் பருமனில் கொங்கிறீற்றுச் சுவரும், இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய இரும்புக் கதவும் போட்டு, உள்ளே சைக்கிளும் பழைய கட்டிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கரில் இரண்டு அறை. ஒன்றில் கட்டிடத்தார் உடுப்புக் காயப்போடுவார்கள். மற்றதைத் தலைமயிர் வளர்த்த நாலு பொடியள் வாடகைக்கு எடுத்துப் பாட்டுப் பழகினார்கள். அந்தக் குழு தன் பெயரைப் பல தரம் மாற்றியிருக்கிறது. எங்கள் வீட்டில் அவர்களுக்கு இன்று வரைக்கும் ஒரே பெயர்தான், கீழ்வீட்டுப் பொடியள்.

இனி உனக்குச் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் அந்த நாளில் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணம் கட்டிப் புதிது. அப்பாவின் சின்னம்மா எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, மாப்பிள்ளை சுவிஸில் பெரிய ஹோட்டலில் பெரிய ஆள் என்று சொல்லியிருந்தார். ஹோட்டல் பெரியதுதான். அதில் அப்பா கோப்பை கழுவினார். அவர் பொய் சொல்லவில்லை, சின்னம்மா சொன்னது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் வந்திறங்கிய அன்று அவருடைய கையைப் பார்த்தேன். தண்ணீரிலும் சோப்பிலும் ஊறித் தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கையைக் கண்டு இரங்குவதை விட்டுவிட்டு நான் ஏமாந்துபோனேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டேன். வயது அப்படி. சண்டை பிடித்திருந்தாலாவது ஒருநாளில் முடிந்திருக்கும். நான் அவரைக் கூப்பிடாமல் விட்டேன். எந்தப் பெயரும் சொல்லி, எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. "சாப்பாடு போட்டிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். சுவருக்குப் பதிலாக அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தச் சுவரோடு நான் கதைத்த அளவுக்கு என் கூடப்பிறந்தவர்களோடும் கதைத்ததில்லை.

அந்தக் காலத்தில் இங்கே எங்கள் கடைகள் கிடையாது. தூள் என்று கடையில் விற்றது சிவப்பாக இருக்கும், உறைப்பு மட்டும் மருந்துக்கும் இராது. ஊரிலிருந்து வருகிற ஆட்களிடம் செத்தல் மிளகாயும் மல்லியும் கொடுத்து விடுவார்கள். அதைக் கோப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் போட, யந்திரம் புகைந்து செத்துப்போயிற்று. அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் ஊருக்கு வெளியே இருந்த மரம் அரியும் ஆலைக்குப் போய், ஒரு மேப்பிள் குற்றியைக் குடைவித்து, உலக்கைக்கு இரண்டு தடியும் சீவுவித்துக்கொண்டு வந்தார். உரலைக் குசினியில் வைத்து இடித்தால் கீழ்மாடிக்காரரின் விளக்கே ஆடும் என்று பங்கருக்குள் இறக்கி வைத்தார். எல்லாவற்றையும் செய்துவிட்டு, "உரல் கீழ கிடக்கு" என்று அவரும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். என்னோடு சேர்ந்து அவருக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்களுடைய உடுப்புத் தோய்க்கும் முறை. உடுப்புக் காயப்போடுகிற அறையின் திறப்பு அன்று எங்கள் கையில் இருக்கும், வேறு யாரும் வரமாட்டார்கள். மிளகாயை வறுத்துச் சுளகில் கொண்டுபோய் நான் தனியே இடிக்கத் தொடங்கினேன். ஊரில் நானும் அக்காவும் எதிரெதிரே நின்று மாறி மாறிப் போடுவோம், பொழுது போவது தெரியாது. தனியே போட்டால் கை விட்டுப்போகிறது. அப்பாவுக்குக் காலை வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் மத்தியானம் ஓய்வு, சிம்மர்ஸ்டுண்டே என்று ஹோட்டல்காரர் சொல்வார்கள். அந்த நேரத்தில் வந்து வாசலில் நின்று பார்த்தார். மற்ற உலக்கையை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். வாழ்க்கையில் உலக்கை பிடிக்காத மனிதர். ஒன்று நான், இரண்டு அவர், மூன்று நான், நாலு அவர். இரண்டாவது அடியை ஒருமாதிரிச் சரியாகப் போட்டுவிடுவார். நாலாவதில் பயம் வந்துவிடும். என் உலக்கை மேலே போய்விட்டதா, என் கை விலகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். டும், டும், டும், ஒரு மூச்சு, பிறகு டும். எனக்கு எரிச்சல். "நேரத்துக்குப் போட்டா என்ன?" என்று சுவரைக் கேட்டேன். "அடிபட்டிடும்" என்று அவர் சுவருக்குச் சொன்னார். ஆனால் அந்த மூச்சை அவர் ஒருநாளும் விடவில்லை.

அப்படி இடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மற்றப் பக்கத்துச் சுவரில் டும் டும் என்று கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் விறைத்துப்போனோம். இந்த நாட்டில் அயலவருக்குச் சத்தம் பிடிக்காவிட்டால் சுவரில்தான் தட்டுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். என்னுடைய வதிவிட அனுமதி இன்னும் முடிவாகவில்லை. உரலும் உலக்கையும் வைத்து மிளகாய் இடித்த குற்றத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன். நிறுத்தினோம். அதுவும் நின்றது. பூனை மாதிரி மெதுவாகத் தொடங்கினோம். அதுவும் மெதுவாகத் தொடங்கியது. அதே இடத்தில் மூச்சு விட்டு, அதே மாதிரி நாலாவதைப் பிந்திப் போட்டது. எங்களை நையாண்டி பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்சத்தில் இரும்புக் கதவு திறந்து ரெட்டோ வந்தார். அப்போது அவர் பேக்கரியில் பாண் போடுகிற வேலை, விடிய முன்னம் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். தோள் வரைக்கும் தலைமயிர், முகத்தில் மாவு. உள்ளே கால் வைத்ததும் தும்மத் தொடங்கினார். கண்ணால் நீர் ஓடியது. தும்மலுக்கு நடுவில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்குச் சத்தம் தாங்காமல்தான் நாங்கள் சுவரில் தட்டுகிறோம் என்று அவர்கள் கிழமைக் கணக்காகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்! அன்று தட்டல் தாளத்தோடு வருகிறதே என்று சந்தேகப்பட்டு, ரெட்டோ திருப்பித் தட்டிப் பார்த்திருக்கிறார். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட்டிடம் நாங்கள் சொல்லிவிட்டால் அறை போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். அவரிடம் அவர்கள் சொல்லிவிட்டால் உரல் போய்விடும் என்று எங்களுக்குப் பயம். அப்பா மன்னிப்புக் கேட்க, ரெட்டோ மன்னிப்புக் கேட்க, நான் சுளகால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் முதல் தரம் சிரித்தேன்.

எங்களைக் கொஞ்சம் இடித்துக்காட்டச் சொல்லி ரெட்டோ கேட்டார். பக்கத்தில் குந்தியிருந்து தொடையில் தட்டிப் பார்த்தார். நாலாவதை எப்படி எண்ணுகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவின் ஜெர்மன் அந்த நாளில் கோப்பைக்கும் சட்டிக்கும் மட்டுமே போதுமானது. எண்ணுவதில்லை, பார்ப்பேன் என்று சொல்லி என் கையைக் காட்டினார். ரெட்டோ அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாங்கள் கதைக்காத ஆட்கள் என்று அந்தப் பொடியனுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் நாலடியை வைத்து அந்தப் பாட்டைக் கட்டி, அவர்கள் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்தார்கள். அங்கே எல்லாம் நேராக வந்ததாம், ஆனால் பாட்டு வரவில்லையாம். ரெட்டோ பிடிவாதமாக நின்று, ஒலிப்பதிவுப் பெட்டியை எங்கள் பங்கருக்கே கொண்டுவரச் செய்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைத் திறந்து விட்டு அவர்கள் அந்த அறையில், நாங்கள் இந்த அறையில். உடுப்புக் காயப்போடுகிற கொடியில் ஒரு மைக்கைக் கட்டி, உடுப்புக் கவ்வியால் வயரை இறுக்கி, உரலுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அப்பாவின் வெள்ளைக் குசினிச் சட்டை இரண்டும் அதே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் இடித்தோம், அவர்கள் வாசித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்றபோதுதான் கவனித்தேன், தம்பி. நான் உலக்கையைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் எதிரே ஒரு மனிதர் மூச்சை நிறுத்தி என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேறு யார் எனக்காக அப்படி நின்றிருக்கிறார்கள்?

பாட்டு முடிந்தது. அது எனக்குத் தெரியவில்லை, நான் என்பாட்டில் உலக்கையை ஓங்கிவிட்டேன். அப்பா முடிந்துவிட்டது என்று உலக்கையைச் சாத்திவிட்டு, தூளைக் கிளறிவிட உரலுக்குள் கையை விட்டார். அந்தத் தோல் உரிந்த கை. நான் கத்திவிட்டேன். உலக்கையைத் திருப்பி உரலின் விளிம்பில் போட்டேன், இப்போதும் அந்த உரலில் அந்தப் பள்ளம் இருக்கிறது. கத்தியது சுவரைப் பார்த்து அல்ல. அவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, "ஓம், சொல்லும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு நாங்கள் சுவரோடு கதைக்கவில்லை.

போகும்போது ரெட்டோவைப் பிடித்து, இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அப்வார்ட்டுக்கும் அனுமதிக்கும் பயந்தது பாதி. எங்கள் வீட்டுக் கதை சந்திக்கு வரக்கூடாது என்பது மற்றப் பாதி. அவர் தலையாட்டினார். பாட்டுப் பெயர்பெற்று, பத்திரிகைக்காரர்கள் அந்தச் சத்தம் என்னவென்று கேட்டபோதெல்லாம், பழைய கட்டிடம், சுவருக்குள் ஒரு குழாய் என்று சொல்லி விட்டார். அந்தப் பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. சொந்தப் பாட்டை நீ வெட்டப்போகிறாய் என்று தெரிந்தும், நான் கேட்ட வாக்குக்காக உன்னிடம் கிழட்டுப் பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு, இனிச் சொல்லலாம் என்றேன். "நீங்களே சொல்லுங்கள், அது உங்கள் அடி" என்றார். போனை வைக்கும்போது தூள் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஐஸ் ஹொக்கி பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனோமே, ஞாபகமா? இடைவேளையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மண்டபம் முழுக்கச் சனம் எழுந்து காலால் மிதித்தது. டும், டும், டும், பிறகு அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, பிறகு டும். உன் அப்பா தயங்கிய இடத்தில் ஊரே தயங்கியது. அவர் அழுதார். "அப்பா ஏன் அழுறார்?" என்று நீ கேட்டாய். குளிர் என்று சொன்னார். அவர் கோப்பை கழுவியதையும் பிறகு சமையலுக்கு உயர்ந்ததையும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். இதை மட்டும் அவர் தன் வாயால் சொல்லவே இல்லை. சொன்னால் நான் கதைக்காமல் இருந்ததையும் சொல்ல வேண்டி வருமே, அதுதான்.

உனக்குப் பிழை கண்ணில் படும், அது உன் கெட்டித்தனம். நாலாம் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தபோது, ஆசிரியைக்கு முன்னால் அப்பாவின் ஜெர்மனை வசனத்துக்கு வசனம் திருத்தினாய். அவர் ஒவ்வொரு தரமும் நீ திருத்தியபடி திரும்பச் சொன்னார். வெளியே வந்து, "பெடியன் நல்லாக் கதைக்கிறான்" என்று சந்தோசப்பட்டார். நான்தான் அன்றிரவு உனக்கு ஏசினேன். இப்போதும் ஏசத்தான் இருக்கிறேன் போல. நீ திருத்துகிறது எல்லாம் பிழை இல்லை, தம்பி. சிலது ஒரு ஆள் மற்ற ஆளுக்காகப் பொறுத்து நிற்பது.

நீ கட்டப்போகிற பிள்ளை லா ஷோ-து-ஃபோனில் வளர்ந்தவள், அவளுக்குப் பிரெஞ்சு, உனக்கு ஜெர்மன். சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் தமிழுக்குத்தான் வரவேண்டும், அது நல்லதுதான், தமிழில் நீங்கள் இருவரும் மெதுவாகத்தான் கதைப்பீர்கள். அவளும் உன்னைப் போலத் துருதுருத்தவள். இரண்டு பேரும் ஒரே உரலில் போடப்போகிறீர்கள். எண்ணிக்கொண்டு போடாதே, அவளுடைய கையைப் பார்த்துப் போடு. பிந்தினால் பிந்தட்டும். கோபம் வந்தால் சத்தம் போடு, சுவரோடு மட்டும் கதைக்காதே. அந்த அளவுக்கு நல்ல பொடியள் எல்லா வீட்டுக்கும் கீழே இருக்கமாட்டார்கள்.

இனி உன் அலுவல். வெள்ளிக்கிழமைக்கு முன் மூல நாடாவில் அந்தக் கொடி மைக்கின் தடத்தை மட்டும் தனியே போட்டுக் கேள். கித்தார் வேண்டாம், மேளம் வேண்டாம். நேரத்துக்கு விழுவது நான். பிந்தி விழுவது உன் அப்பா. இசைத்தட்டில் பாட்டைக் கடைசியில் மெல்லக் குறைத்து விட்டுவிட்டார்கள், நீ குறைக்காமல் முடிவு வரைக்கும் போ. மரத்தில் உலக்கை படுகிற சத்தம் ஒன்று கேட்கும். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் கத்துவாள். "இஞ்சாருங்கோ, கை!" இந்த வீட்டில் நீ பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கிற, நான் அப்பாவைக் கூப்பிடுகிற சொல்தான். அன்றைக்குத்தான் முதல் தரம் சொன்னேன். அதைக் கேட்டபிறகும் வெட்ட வேண்டும் என்றால் வெட்டு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்ப மனம் வரவில்லை. அவர் குசினியில் நிற்கிறார். "இஞ்சாருங்கோ" என்று இப்போது கூப்பிட்டேன். காது நன்றாகத்தான் கேட்கிறது, கால்களுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒரு மூச்சு கழித்துத்தான் வருகிறார்.

அம்மா